யார் பார்க்கச் செய்கிறோம்?



நோக்கம் என்னும் சொல்லை நாம் நாள்தோறும் எழுதுகிறோம். நாள் பாடத்திட்டத்தில் எழுதுகிறோம்; கூட்டக் குறிப்பில் எழுதுகிறோம்; சங்கத்தின் சட்டவிதிகளில் முதல் பக்கத்திலேயே எழுதுகிறோம். ஆனால், அச்சொல் எதிலிருந்து பிறந்தது என்று எண்ணிப் பார்ப்பது அரிது. நோக்குதல் என்றால் பார்த்தல். நோக்கிலிருந்து பிறந்ததே நோக்கம். ஒரு செயலைச் செய்யும்போது நம் கண் எதன்மேல் நிற்கிறதோ அதுவே அச்செயலின் நோக்கம் என்று பொருள் கொள்ளலாம்.

இப்படிப் பார்த்தால் நாம் செய்யும் செயல்கள் இரண்டு வகையாகப் பிரிகின்றன. செய்கின்ற பொருளின்மேல் கண் வைத்துச் செய்பவை ஒரு வகை. நம்மைப் பார்க்கின்றவர்களின்மேல் கண் வைத்துச் செய்பவை இன்னொரு வகை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். செய்பவருக்கு மட்டும் வேறுபாடு தெரியும்.

இரண்டு ஆசிரியர்கள் தத்தம் வகுப்பறைச் சுவரில் படங்கள் ஒட்டுகிறார்கள். ஒருவர் பின்வரிசையில் அமரும் மாணவனுக்கு எழுத்து தெரிகிறதா என்று அவன் இருக்கையில் அமர்ந்து பார்க்கிறார். மற்றவர் வாசலில் நின்று, மேற்பார்வைக்கு வருகிறவர் கண்ணில் முதலில் எது படும் என்று பார்க்கிறார். இரண்டு குடும்பங்கள் தீபாவளிக்குத் திறந்த இல்ல விருந்து வைக்கின்றன. ஒரு வீட்டில் வந்தவர் வயிறு நிறைந்ததா என்பது கவலை. மற்றொரு வீட்டில் சென்ற ஆண்டு பக்கத்து வீட்டார் வைத்த விருந்தைவிட ஒரு வகையேனும் கூடுதலாக இருக்கிறதா என்பது கவலை. சுவரில் ஒரே படங்கள்தாம். மேசையில் அதே முறுக்கும் அதே கறியுந்தாம். ஆயினும் நாள் முடிந்து உறங்கப் போகும்போது ஒருவர் மனம் நிறைந்திருக்கிறது. மற்றவர் மனம் இன்னும் கணக்குப் பார்த்துக் கொண்டிருக்கிறது.

அன்றாட வாழ்வில் நாம் படும் மனக்குறைகளில் பாதிக்கு மேற்பட்டவை இந்தக் கண் மாற்றத்தால் வருபவை என்பது என் கருத்து. ஆசிரியர் பணியில் இருந்துகொண்டு இதைச் சிந்திக்க எனக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. பிள்ளைகள் நாம் சொல்வதைக் கேட்டுக் கற்பதைவிட, நாம் யாரைப் பார்த்துக்கொண்டு செய்கிறோம் என்பதைக் கவனித்தே அதிகம் கற்கிறார்கள்.

ஏழு ஏக்கள் போன பிறகு

நம் நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் 1988ஆம் ஆண்டு தொடங்கி 2019 வரை ஆறாம் ஆண்டு மாணவர்கள் யூ.பி.எஸ்.ஆர். தேர்வை எழுதினார்கள். தமிழ்ப்பள்ளிகளில் நெடுங்காலம் அது ஏழு பாடமாக இருந்தது: தமிழில் இரண்டு, மலாயில் இரண்டு, ஆங்கிலம், கணிதம், அறிவியல். 2016இல் ஆங்கிலமும் இரண்டாகப் பிரிந்து எட்டாயிற்று. ஏழு ஏ என்பது வெறும் தேர்ச்சியைக் குறிக்கும் சொல்லாக இருக்கவில்லை. அது ஒரு பட்டமாகவே இருந்தது. பள்ளி வாசலில் பதாகை, நாளிதழில் படம், கோயிலில் மரியாதை, உறவினர் வீட்டுத் திருமணத்தில், "இவன்தான் ஏழு ஏ எடுத்தவன்" என்ற அறிமுகம்!

அதை இழிவாகப் பேச நான் விரும்பவில்லை. அந்த ஏழு ஏக்களுக்குப் பின்னால் மாலை ஆறு மணிவரை பள்ளியில் இருந்து, கூடுதல் வகுப்புக்கு ஒரு வெள்ளியும் வாங்காத ஆசிரியர்கள் இருந்தார்கள். இரட்டை வேலை பார்த்துப் பயிற்சிப் புத்தகம் வாங்கிய தாய்மார்கள் இருந்தார்கள். தங்கள் பிள்ளையாலும் முடியும் என்று ஒரு குடும்பம் முதன்முறையாக நம்பிய நாளும் அந்தத் தேர்வு முடிவு வந்த நாளாகவே இருந்திருக்கும். அந்த மகிழ்ச்சி பொய்யன்று.

பிறகு 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் தேர்வு நடைபெறவில்லை. 2021இல் அத்தேர்வே கைவிடப்பட்டது. அப்போது பெற்றோர் பலரிடமிருந்தும், ஏன், ஆசிரியர் சிலரிடமிருந்தும் ஒரே கேள்வி எழுந்ததை நான் கேட்டேன்: "இனி எதைச் சொல்லிப் பிள்ளையைப் படிக்க வைப்பது?"

நேர்மையான கேள்விதான். ஆனால் அதைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தால் நாம் திடுக்கிட வேண்டியிருக்கிறது. ஆறு ஆண்டுகள் ஒரு பிள்ளையைத் தமிழ் படிக்க வைத்திருக்கிறோம். அறிவியல் படிக்க வைத்திருக்கிறோம். தேர்வை எடுத்துவிட்டால் படிப்பதற்குச் சொல்லத் தக்க காரணம் ஒன்றும் கையில் இல்லை என்றால், அந்த ஆறு ஆண்டுகளும் பிள்ளையின் கண்ணை எதன்மேல் நிறுத்தி வைத்திருந்தோம்? விதை ஏன் முளைக்கிறது என்பதன்மேலா, அது எத்தனை புள்ளி என்பதன்மேலா?

தேர்வுகள் வரும், போகும், வேறு பெயரில் மீண்டும் வரும். அது கல்வி அமைச்சின் பொறுப்பு. தேர்வு இல்லாத ஓர் இடைவெளியில் நம் கை வெறுமையாய் இருந்ததை நாம் பார்த்துவிட்டோமே, அதைத்தான் மறக்கக்கூடாது என்கிறேன். இன்று வகுப்பறை மதிப்பீட்டில் ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலை கொடுக்கிறோம். அது பிள்ளை எங்கே நிற்கிறான், அடுத்த படி எது என்று அறிவதற்காக வந்தது. ஆனால் பல வீடுகளில் அந்த அறிக்கையைப் பார்த்ததும் எழும் முதல் கேள்வி, "ஆறு யாருக்குக் கிடைத்தது?" என்பதுதான். அளவுகோல் மாறியிருக்கிறது. கண் மாறவில்லை.

வண்ணப் பேனாவும் வாசிப்புக் குறிப்பேடும்

1973ஆம் ஆண்டில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் என்னும் மூன்று உளவியல் அறிஞர்கள் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாலர் பள்ளியில் ஓர் ஆய்வை நடத்தி வெளியிட்டார்கள். ஆசிரியர் பயிற்சியில் உளவியல் பாடம் படித்த நண்பர்கள் பலருக்கு இது நினைவிருக்கும். பெற்றோர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வண்ணப் பேனாவால் படம் வரைவதில் இயல்பாகவே விருப்பம் உள்ள சிறு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களை மூன்று குழுவாக்கினார்கள். முதற்குழுவிடம், "நீங்கள் வரைந்தால் அழகிய சான்றிதழ் ஒன்று தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாம் குழுவிடம் ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்குச் சான்றிதழ் இல்லை. சில நாள் கழித்து, எந்தப் பரிசும் இல்லாத சாதாரண வகுப்பு வேளையில் வண்ணப் பேனாக்களை வைத்துவிட்டு மறைவிலிருந்து கவனித்தார்கள். சான்றிதழுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கும், ஒன்றும் பெறாதவர்களுக்கும் விருப்பம் அவ்வாறு குறையவில்லை.

பரிசு கெடுதல் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டாம் குழுவும் பரிசு பெற்றதுதானே! பரிசின்மேல் கண் வைத்து வரைந்ததுதான் கெடுதல் செய்தது. அதுவரை வரைவதற்காக வரைந்த பிள்ளை, அன்றைக்குச் சான்றிதழுக்காக வரைந்தான். சான்றிதழ் இல்லாதபோது வரையக் காரணம் இல்லாமல் போயிற்று.

நம் பள்ளிகளில் இதைப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. 1999ஆம் ஆண்டு முதல் நீலாம் என்னும் வாசிப்புத் திட்டம் நம்மிடையே உள்ளது. பிள்ளைகள் படித்த நூல்களைப் பதிவுசெய்ய வேண்டும். எண்ணிக்கைக்கேற்ப அங்கீகாரம் உண்டு. திட்டத்தின் நோக்கம் மிக நல்லது; அதனால் நூலகம் பக்கம் தலைகாட்டாத பிள்ளைகளும் நூலைத் தொட்டார்கள். ஆனால், மிக மெல்லிய நூலாகத் தேடி எடுப்பதும், பின்னட்டையைப் பார்த்தே சுருக்கம் எழுதுவதும், நண்பனின் குறிப்பேட்டைப் படியெடுப்பதும் எப்படி வந்தன? நூலைப் பார்க்க வேண்டிய கண் எண்ணிக்கையைப் பார்க்கப் போனதால் வந்தன. "இந்தக் கதையின் முடிவு உனக்குப் பிடித்ததா?" என்று பெரியவர் யாரும் கேட்காமல், "எத்தனை நூல் ஆயிற்று?" என்று மட்டும் கேட்டால் பிள்ளை வேறென்ன செய்யும்?

இதற்கு நேர் எதிரான ஒரு மாணவனையும் நான் அறிவேன். ஐந்தாம் ஆண்டு. வகுப்பில் நடுத்தரமானவன். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடு. அவனுடைய கணிதப் பயிற்சிப் புத்தகத்தைத் திருத்தும்போது, கடைசிப் பக்கங்களில் நாளும் வேளையும் இட்டு ஒரு பட்டியல் கண்டேன். மைனா, கொக்கு, மீன்கொத்தி, ஆந்தை, பெயர் தெரியாத ஒன்றுக்குச் சிறு படம். இரண்டு மாதமாக எழுதி வந்திருக்கிறான். இதைச் செம்மைப்படுத்தி அறிவியல் போட்டிக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "வேண்டாங்க ஐயா. போட்டின்னா நெறைய பறவை வேணும்னு தேடிக்கிட்டே இருப்பேன். இப்ப வர்றத மட்டும் எழுதுறேன்."

நான் வற்புறுத்தவில்லை. பெயர் தெரியாத பறவையின் படத்தை இருவருமாக நூலகத்தில் தேடிப் பார்த்தோம், அவ்வளவுதான். பத்து வயது கடந்த சிறுவன் ஒருவன் தன் மகிழ்ச்சி எங்கே இருக்கிறது, எது வந்தால் அது போய்விடும் என்பதை இவ்வளவு தெளிவாக அறிந்திருக்கிறானே என்று வியந்தேன். போட்டிகள் வேண்டாம் என்பது இதன் பொருளன்று. போட்டியில் சேர்ந்து மலர்கிற பிள்ளைகளும் ஏராளம். ஆனால் ஒவ்வொரு பிள்ளையிடமும், யாரும் பார்க்காத ஒரு கடைசிப் பக்கம் இருக்க வேண்டும். அதை நாம் பறித்துவிடக் கூடாது.

அடையாள அட்டையில் இல்லாத அடையாளம்

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயது நிறையும்போது அடையாள அட்டை கிடைக்கிறது. வகுப்பில் அந்நாட்கள் கொண்டாட்டமானவை. மைகாட்டை எடுத்து வந்து ஒருவருக்கொருவர் காட்டிப் புகைப்படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். பெயர், எண், முகவரி, படம், உள்ளே சில்லில் இரு கட்டைவிரல் ரேகைகள். இதுதான் நான் என்று அரசாங்கத்துக்குச் சொல்ல அது போதும். "நான் யார்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள அது போதாது.

நமக்கு அடையாளம் என்றால் உடனே நினைவுக்கு வருவது தமிழ். மகிழ்ச்சிதான். ஆனால் இங்கேயும் அதே கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். நம் தமிழ் யார் பார்க்க?

பொங்கல் விழாவன்று ஜிப்பாவும் பாவாடை தாவணியும் அணிந்து பானையருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். அழகான நாள், பிள்ளைகளுக்குப் பிடித்த நாள். அடுத்த நாள் அதே பிள்ளை, "அம்மா, இன்று பள்ளியில் என்ன நடந்தது தெரியுமா?" என்று தமிழில் தொடங்கினால், அம்மா தமிழில் கேட்டு முடிக்கிறாரா? அடையாளத்தின் உண்மையான இடம் அதுதான். எந்த மொழியில் கோபிக்கிறோம், எந்த மொழியில் கொஞ்சுகிறோம், மருத்துவமனையில் தாத்தாவின் கட்டிலருகே எந்த மொழியில் பேசுகிறோம் என்பதை யாரும் படம் எடுப்பதில்லை. அங்கே இருப்பது நம் மொழி. அங்கே இல்லாதது நாம் அணியும் மொழி.

எஸ்.பி.எம். பாடங்களைப் பத்தாகக் கட்டுப்படுத்தும் முடிவு 2010ஆம் ஆண்டுத் தேர்வை ஒட்டி வந்தபோது, தமிழுக்கும் தமிழ் இலக்கியத்துக்கும் இடம் இல்லாமல் போகுமே என்று சமூகமே குரல் கொடுத்தது. கூடுதலாக இரு பாடங்கள் எழுத வழி பிறந்தது. அக்குரல் நியாயமானது. ஆனால் அதன் பிறகு இத்தனை ஆண்டுகளாக இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியர்கள் என்ன சொல்லி வருந்துகிறார்கள்? "தமிழில் ஏ எடுப்பது கடினம், மொத்தத் தேர்ச்சி குறைந்துவிடும், விட்டுவிடு" என்று சொல்லும் வீடுகள் இன்னும் உள்ளன என்றுதானே! ஊர் கேட்கும்படி தமிழ் வேண்டும் என்கிற நாம், வீட்டுக்குள் பிள்ளையிடம் தமிழ் வேண்டாம் என்றால், பிள்ளை கற்றுக்கொள்வது என்ன? தமிழ் என்பது மேடையில் பேசுவதற்கான ஒன்று என்றுதான். அந்தப் பாடத்தை எந்தத் தமிழாசிரியராலும் பிறகு அழிக்க இயலாது.

பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பும் காரணங்களும் பல. வீட்டுக்கு அருகில் உள்ளது. அண்ணன் அங்கே படித்தான். பேருந்து வசதி உண்டு. உறவினர் கேட்டால் என்ன சொல்வது என்ற கூச்சம். இவற்றில் ஒன்றையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆசிரியர்களாகிய நாமும் அப்படித்தானே வந்தோம்? அரசாங்க வேலை, ஓய்வூதியம், பள்ளி விடுமுறை என்று வீட்டார் சொல்ல விண்ணப்பித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! தூய நோக்கத்தோடு தொடங்கியவர்கள் மட்டுமே கற்பிக்கலாம் என்றால் பள்ளிகளைப் பூட்ட வேண்டியதுதான்.

தொடக்க நோக்கம் எதுவாயினும் அதை நமதாக்கிக்கொள்ள முடியும் என்பதற்கு நம் தமிழ்ப்பள்ளியே சான்று. 1816இல் பினாங்கு ஃபிரீ பள்ளியில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து கணக்கிட்டு, 2016இல் மலேசியத் தமிழ்க்கல்வியின் 200ஆம் ஆண்டைக் கொண்டாடினோம். ஆனால் நம் பள்ளிகளில் பெரும்பாலானவை பிறந்த இடம் தோட்டம். 1912, 1923 ஆகிய ஆண்டுகளின் தொழிலாளர் சட்டங்கள் தோட்டங்களில் பள்ளி அமைக்கும் பொறுப்பை முதலாளிகள்மேல் வைத்தன. முதலாளிகளின் கண் எதன்மேல் இருந்தது? தொழிலாளர் குடும்பத்தோடு வந்து தங்க வேண்டும், பால்மரத்தைவிட்டுப் போய்விடக் கூடாது என்பதன்மேல். பள்ளி என்ற பெயரில் ஒரு கொட்டகை. தோட்டத்துக் கிராணியோ எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளியோ வாத்தியார்.

அந்தக் கொட்டகையைத்தான் நம் பாட்டன்மார் தமதாக்கிக்கொண்டார்கள். கூலியில் பிடித்தம் செய்து கூரை வேய்ந்தார்கள். திருவிழா மிச்சத்தில் பலகை வாங்கினார்கள். கொடுத்தவரின் நோக்கம் ஒன்று. பெற்றவர் அதில் வைத்த நோக்கம் வேறொன்று. இன்று ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் நிற்பது இரண்டாவது நோக்கத்தால்தான். ஆகவே, நாம் எதற்காக இங்கே வந்தோம் என்று வெட்கப்பட வேண்டியதில்லை. வந்த பிறகு எதன்மேல் கண் வைத்தோம் என்பதே கேள்வி.

மனநிறைவு வேறு, மெத்தனம் வேறு

மனநிறைவு என்றதும் சிலருக்கு ஐயம் எழும். "போதும் என்று இருந்துவிட்டால் நம் சமூகம் எப்போது முன்னேறுவது?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

திருக்குறளின் அமைப்பே இதற்கு விடை தருகிறது. அறத்துப்பாலில் அழுக்காறாமை 17ஆம் அதிகாரம். அதை அடுத்தே வெஃகாமை. பிறர் ஆக்கம் கண்டு பொறாமை வேண்டாம், பிறர் பொருளுக்கு ஆசை வேண்டாம் என்பன அவை. அதே வள்ளுவர் பொருட்பாலில் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்று அடுத்தடுத்து மூன்று அதிகாரங்கள் வைத்தார். முயற்சியை இவ்வளவு வற்புறுத்தியவரே பொறாமையையும் பேராசையையும் விலக்கச் சொன்னார். அவருக்கு இதில் முரண்பாடு தோன்றவில்லை. நமக்குத்தான் தோன்றுகிறது, ஏனென்றால் பிறரைப் பார்த்து எரியாமல் முயல முடியும் என்பதையே நாம் மறந்துவிட்டோம்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். மனநிறைவு என்பது நாம் நமக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியது. பிறருக்கு, அதிலும் இல்லாதவருக்கு, உபதேசிக்க வேண்டியதன்று. நாட்கூலியில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளி மாதச் சம்பளம் கேட்டபோது, "இருப்பதில் நிறைவு கொள்" என்று சொல்லியிருந்தால் அது அறமா? 2013 ஜனவரியில் குறைந்தபட்சச் சம்பளம் முதன்முறையாக நடப்புக்கு வந்தபோது தீபகற்பத்தில் அது மாதம் 900 வெள்ளி. 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. கேட்டவர்கள் இருந்ததால்தான் உயர்ந்தது. காலணி கிழிந்து வரும் பிள்ளையிடம் நிறைவைப் பற்றிப் பேசுவது கொடுமை. அவனுக்கு முதலில் வேண்டியது காலணி.

நான் சொல்லும் குறை வேறு. காலணி இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் காலணி புதியது என்பதால் இது கடிக்கிறது என்றால், அந்தக் குறையைச் சொல்கிறேன். மகள் 82 புள்ளி எடுத்து வருகிறாள். சென்ற முறை 70. அம்மா மகிழ்கிறார். ஐந்து நிமிடத்தில் கைப்பேசியில் வகுப்புப் பெற்றோரின் புலனக் குழுவைத் திறக்கிறார். யாரோ ஒருவர் தம் பிள்ளையின் 95ஐப் பதிவிட்டிருக்கிறார். அவ்வளவுதான், 82 சுருங்கிவிட்டது! மகளின் தாளில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அம்மாவின் முகம் மாறியது. அதை மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த முறை அவள் தாளைக் காட்டத் தயங்குவாள். அதற்கடுத்த முறை கேட்டால்தான் காட்டுவாள். ஒரு வீட்டுக்குள் இப்படித்தான் பேச்சு குறைகிறது.

அந்த அம்மா கெட்டவரல்லர். பிள்ளையின் நலத்தை விரும்புகிறவர்தாம். கண் மட்டும் ஓர் அங்குலம் நகர்ந்துவிட்டது. பிள்ளையைப் பார்க்க வேண்டிய கண், பிள்ளையைப் பார்க்கிறவர்களைப் பார்க்கப் போய்விட்டது.

நாம் செய்யக்கூடியவை

பெரிய திட்டங்கள் வேண்டாம். ஆசிரியரும் பெற்றோரும் நாளை காலையிலேயே தொடங்கக்கூடிய நான்கைச் சொல்கிறேன்.

முதலாவது, கேள்வியை மாற்றுவோம். பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும் "எத்தனை புள்ளி? யார் முதலில் வந்தது?" என்பதற்கு முன்னால், "இன்று படித்ததில் எது உனக்குப் பிடித்தது? எது புரியவில்லை?" என்று கேட்போம். புள்ளியைப் பிறகு கேட்கலாம், கேட்கவும் வேண்டும். எது முதலில் வருகிறதோ அதுவே முக்கியம் என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது.

இரண்டாவது, அளக்காத ஒன்றை வைத்துக்கொள்வோம். வகுப்பில் வாரம் ஒரு முறை பத்து நிமிடம் ஒரு கதையை உரக்கப் படியுங்கள். அதற்குப் பயிற்சித்தாள் வேண்டாம், குறிப்பேடு வேண்டாம், படம் எடுத்து முகநூலில் இடவும் வேண்டாம். வீட்டிலும் அவ்வாறே, ஒரு செடி வளர்க்கலாம், சேர்ந்து சமைக்கலாம். யாருக்கும் அறிக்கை அனுப்ப வேண்டாத ஒரு செயல் இருந்தால்தான், செயலுக்காகச் செய்வதன் சுவை பிள்ளைக்குத் தெரியவரும்.

மூன்றாவது, நம்மை நாமே ஒரு கேள்வி கேட்போம்: "இது யாருக்கும் தெரியாது என்றாலும் நான் இதைச் செய்வேனா?" செய்வேன் என்றால் நிம்மதி. மாட்டேன் என்றால் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, அதைக் கைவிடலாம். அல்லது, அதைச் செய்வதற்கு நமக்கே உரிய ஒரு காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். மேலிடத்துக்காக எழுதும் நாள் பாடத்திட்டத்தில்கூட, "இன்று பின்வரிசையில் அந்த இருவரைப் படிக்க வைப்பேன்" என்று நமக்காக ஒரு வரி எழுதிக்கொண்டால் அது நம் திட்டமாகிவிடும். தோட்டத்துக் கொட்டகையைப் பாட்டன்மார் தமதாக்கிக்கொண்டது போல!

நான்காவது, "போதும்" என்று பிள்ளைகள் காதுபடச் சொல்வோம். இன்றைய பிள்ளைகள் பெரியவர் வாயிலிருந்து அதிகம் கேட்பவை "இன்னும் பத்தவில்லை", "அவர்கள் வாங்கிவிட்டார்கள்", "நாமும் வாங்க வேண்டும்" என்பன. "இந்த மகிழுந்து நமக்குப் போதும். இந்தத் தீபாவளிக்கு இந்தத் துணி போதும்" என்று அப்பா இயல்பாகச் சொல்வதைக் கேட்டு வளரும் பிள்ளைக்குத் தனியாக ஒழுக்கக்கல்விப் பாடம் தேவையில்லை. அதே அப்பா படிப்பிலும் தொழிலிலும், "இதை இன்னும் நன்றாகச் செய்யலாம்" என்று முயல்வதையும் பிள்ளை பார்க்கட்டும். பொருளில் போதும், திறனில் இன்னும். இரண்டும் ஒரே வீட்டில் இருக்க முடியும் என்று அது கண்டுகொள்ளும்.

ஆசிரிய நண்பர்களே, நமக்கென ஒரு சொல். இப்பணியில் நம்மைப் பார்க்கிறவர்கள் பலர். மேலதிகாரிகள், பெற்றோர், சமூகம், இப்போது கைப்பேசிகளும். எல்லாருடைய கண்ணுக்கும் ஈடுகொடுக்க நினைத்தால் ஓய்வு பெறும் நாள்வரை ஓடிக்கொண்டே இருக்கலாம். சிறந்த ஆசிரியர் விருது கிடைத்த மாலையிலும் மனம் நிறையாது. வகுப்பறையில் முப்பது பேர் நம்மைப் பார்த்து அமர்ந்திருக்கிறார்கள். அவர்களை நாம் பார்த்தால் போதும். நேற்றுவரை "ழ"கரம் வராத பிள்ளை இன்று "பழம்" என்று சரியாகச் சொன்னதை அந்த அறையில் நம்மைத் தவிர யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அது எந்த அறிக்கையிலும் ஏறாது. அன்றைய நாளுக்குரிய நிறைவு அதிலேயே இருக்கிறது.